ஓர் எழுத்தும் ஒரு தீர்ப்பும்

விடை தெரிந்தவனைத் தெரியாதவன் என்று அறிவித்துவிட்டு, அதற்கு விதி என்று பெயர் சூட்டிவிட்டால் நியாயமாகிவிடும் என்று தொலைக்காட்சி வினாடி வினா நடத்துவோர் கருதுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை.

2013 ஜூலையில் அமெரிக்காவின் 'ஜெப்பர்டி' நிகழ்ச்சியில் சிறுவர்களுக்கான போட்டி ஒளிபரப்பாயிற்று. 1863-இல் நடைமுறைக்கு வந்த, லிங்கன் போர் நடவடிக்கை என்று குறிப்பிட்ட ஆவணம் எது என்பது இறுதி வினா. 'எமான்சிபேஷன் பிராக்ளமேஷன்' என்று எழுத முனைந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன், முதற்சொல்லின் நடுவே 'டி' என்னும் ஆங்கில எழுத்தொன்றைக் கூடுதலாக நுழைத்துவிட்டான். விடை தள்ளப்பட்டது, பணயம் வைத்த 3,000 டாலரும் கழிந்தது.

எழுத்துப்பிழை மன்னிக்கப்படும், ஒலி கூடினாலோ குறைந்தாலோ மன்னிப்பில்லை என்பது அங்குள்ள விதி. தளர்த்தினால் மற்றப் போட்டியாளர்க்கு அநீதியாம். எந்த மற்றவர்க்கு? முதலிடம் பெற்ற பிள்ளையின் கணக்கில் 66,600 டாலர் இருந்தது. இவனுக்கு அது எப்படியும் எட்டாத தொலைவு. முப்பது விநாடியில் மின்னணுப் பேனாவால் திரையில் கிறுக்கிய அச்சொல் வேறெந்த ஆவணத்தைக் குறித்திருக்க முடியும்? ஆண்டுதோறும் விடைத்தாள் கட்டுகளோடு மல்லுக்கட்டும் நம்மைப் போன்றோர்க்கு, அறியாமையின் பிழை எது, கை நழுவிய பிழை எது என்பது முதல் பார்வையிலேயே புலப்படும். (புலப்பட்டும் மதிப்பெண் குறைக்கும் அன்பர்கள் நம்மிடையேயும் உளர், அது வேறு கதை.)

அதே நிகழ்ச்சி 2018 புத்தாண்டு நாளில் அளித்த தீர்ப்பை நாம் அவ்வளவு எளிதாகப் பழிக்க மாட்டோம். கூலியோவின் 1995-ஆம் ஆண்டுப் பாடல் தலைப்பையும் மில்டனின் காவியத் தலைப்பையும் இணைக்க வேண்டிய வினாவுக்கு, 'கேங்ஸ்டா' என்பதைக் 'கேங்ஸ்டர்' என்று உச்சரித்தார் ஒருவர். முதலில் ஏற்கப்பட்ட விடை பின்னர் மறுக்கப்பட்டது. அவர் கணக்கு 3,200 டாலர் சரிந்தது. கடுமைதான். ஆயினும் அந்த 'ர்' இல்லாமை கறுப்பின மக்களின் வழக்கிலிருந்து வேண்டுமென்றே தேர்ந்த வடிவம். அதைத் 'திருத்தி' உச்சரித்தால் தலைப்பே மாறிவிடுகிறது என்று வாதிட இடமுண்டு. சிறுவனுக்கு எதிராக அத்தகைய வாதம் எதுவுமில்லை.

பிரிட்டனின் 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்' 1999-இல் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது. டென்னிஸில் ஒரு செட்டை வெல்லக் குறைந்தது எத்தனை முறை பந்தை அடிக்க வேண்டும் என்ற வினாவுக்கு 24 சரியென்று ஏற்றார்கள். எதிராளி தன் ஆட்டங்களில் சர்வீஸையே தவறவிட்டுக்கொண்டிருந்தால் 12 போதும். பிழை வெளிப்பட்ட பின்னும் பரிசுத்தொகை போட்டியாளரிடமே விடப்பட்டது.

விதியை நெகிழ்த்தவே கூடாதென்றால் நெகிழ்த்த வேண்டாம். ஒலிதானே அளவுகோல்? எழுதியதை வாய்விட்டுப் படி என்று அச்சிறுவனிடம் கேட்டிருக்கலாம். ஐந்து விநாடிகூட ஆகியிராது.