என் ஆவது உறுப்பு

திருநகரில் பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்பு மாணவிக்குக் கூட்டுத் தொடர்வரிசை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "என் ஆவது உறுப்பு" என்று அவள் வாசித்ததும், "அப்போ உன் ஆவது உறுப்பு எங்கே?" என்றான் அவள் தம்பி. ஆங்கில எழுத்தின் பெயர் தமிழில் வேறு அர்த்தம் தருவது வேடிக்கைதான். ஆனால் 'ஆவது' என்ற விகுதி எவ்வளவு வசதியானது என்பது புரோகிராம் எழுதுபவர்களுக்குத்தான் தெரியும்.

போர்ச்சுக்கீசியர் இதே எழுத்தோடு 'எசிமோ' விகுதியைச் சேர்த்து 'எனெசிமோ' என்கிறார்கள். ஆங்கிலத்தில் 1, 2, 3க்கு வெவ்வேறு விகுதிகள். 21க்கு 1இன் விகுதி வரும், 11க்கு வராது. இதற்கென்றே நாலைந்து 'இஃப்' வரிகள் எழுத வேண்டும். 'ஐ கூட்டல் 1' என்று வந்தால் எந்த விகுதி என்று அவர்களுக்கே குழப்பம். நமக்கோ எண்ணானாலும் எழுத்தானாலும் ஒரே 'ஆவது'. யூனிகோடு அமைப்பின் மொழித் தரவிலும் வரிசை எண்ணுக்கு ஆங்கிலத்தில் 4 வகை, தமிழில் ஒன்றுதான். எழுத்தால் எழுதும்போது வரும் 'முதலாவது' மட்டும் விதிவிலக்கு.

இருந்தும், நான் முன்பு தமிழாக்கம் செய்த ஒரு மென்பொருளில் பக்க எண்ணுக்குப் பின்னால் ஆங்கில விகுதியே ஒட்டிக்கொண்டு வந்தது. காரணம், விகுதி கோடுக்குள் இருந்தது. மொழிபெயர்ப்புக் கோப்பில் இல்லை. நீங்கள் புரோகிராம் எழுதினால் "%d ஆவது பக்கம்" என்று முழு வாக்கியமாகவே கோப்பில் வையுங்கள். துண்டு துண்டாக வெட்டாதீர்கள்.