கணக்கில் எழுதப்படாத செலவு



தோவாளைப் பகுதியிலிருந்து சகோதரி ஒருவர் எழுதியுள்ள மடலே இம்மாதச் சிந்தனைக்குப் பொருளாகின்றது. அவர் இல்லத்துக்கும் தோவாளைப் பூச்சந்தைக்கும் இடையே 4 கிலோமீட்டர் தொலைவு. விடியுமுன் மிதிவண்டியில் சந்தைக்குச் சென்று, பிச்சியும் அரளியும் வாங்கி வந்து, தொடுத்து விற்பது அவர்தம் தொழில். வயது ஐம்பதை நெருங்குகிறது. இரண்டாண்டுகளாக முழங்கால் வலி. சீட்டுப் பணம் 30,000 ரூபாய் இப்போது கைக்கு வந்திருக்கிறது. அவ்விலையில் மின்சார மிதிவண்டி கிடைக்கிறதாமே, வாங்கலாமா என வினவுகிறார். கணவரோ, "அது விளையாட்டுப் பொருள். அப்பணத்தை முன்பணமாகக் கட்டி மகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கினால் குடும்பத்துக்கே உதவும்" என்கிறாராம். "என் காலுக்காக இவ்வளவு பணத்தைச் செலவிட எண்ணுவது சுயநலமா?" என்ற வினாவோடு மடல் முடிகிறது.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்பது ஆண்டவர் கற்பித்த பாடம் (லூக்கா 14). ஆகவே நாமும் முதலில் அமர்ந்து கணக்கிடுவோம்.

மின்சார மிதிவண்டி விளையாட்டுப் பொருளன்று. மிதிப்பவரின் கால்விசையோடு மோட்டாரின் விசையைத் துணைசேர்க்கும் மிதிவண்டியை ஜப்பானில் யமஹா நிறுவனம் 1993-ஆம் ஆண்டிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. தளர்ந்த கால்களுக்குத் துணைபுரிவதே அதன் நோக்கம். நல்ல உடல்நலமுள்ள ஒருவர் சீராக மிதிக்கையில் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 100 வாட். நம் நாட்டுச் சட்டம் இவ்வகை மிதிவண்டிக்கு அனுமதிக்கும் மோட்டாரின் எல்லை 250 வாட். அதாவது, மனிதர் இருவரின் கால்வலிமை நம்மோடு சேர்ந்து மிதிப்பதாகக் கொள்ளலாம்.

அந்த எல்லைக்குள் அமைந்து, 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டுமுன் மோட்டார் தானாக விசை குறைந்து நின்றுவிடுமாயின், அவ்வண்டிக்குப் பதிவு வேண்டியதில்லை. ஓட்டுநர் உரிமமும் காப்பீடும் வேண்டியதில்லை. எழுத்துத் தேர்வுக்கும் அலுவலகப் படிக்கட்டுகளுக்கும் அஞ்சும் நம் தாய்மாருக்கு இது பெரும் வசதியே. தமிழகத்தில் 2021-இல் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பேருந்துத் திட்டம் எத்துணையோ குடும்பங்களுக்கு உதவியது. ஆயினும் விடியுமுன் பூ எடுக்கச் செல்பவர் பேருந்தின் நேரத்தை நம்பியிருக்க இயலுமா? தமக்கென ஒரு வண்டி இருப்பது வேறொரு பலம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாக ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றபோது, பெண்ணுக்கு எதற்குச் சைக்கிள் என்று நகைத்தவர் பலர். நகைப்பு அடங்கியது, வண்டிகள் ஓடின.

இனி, குறைகளைக் காண்போம்.

முதற்குறை காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றை இவ்வட்டாரத்தாருக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. 1752-இல் புனித தேவசகாயம் இரத்தம் சிந்திய குன்றுக்குக் காற்றாடிமலை என்பதே பெயர். அப்பகுதியெங்கும் இன்று காற்றாலைகள் நிற்கின்றன. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு நோக்கிச் செல்வோருக்கு இது எதிர்க்காற்று. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நாம் செல்ல, அதே வேகத்தில் காற்று எதிரே வீசினால், அதன் தடை நான்கு மடங்காகிவிடும். குறைந்த விலை வண்டிகளில் 36 வோல்ட், 5.8 ஆம்பியர்-மணி அளவிலான சிறு பேட்டரி பொருத்தப்படுவதுண்டு. நாமும் மிதித்தால் சமதரையில் 25 கிலோமீட்டர் வரை அது துணைவரும். மிதிக்காமல் விசையை மட்டும் திருகிக்கொண்டு சென்றாலோ, எதிர்க்காற்றில் சென்றாலோ, அத்தொலைவு பெரிதும் சுருங்கும். விற்பவர் சொல்லும் கிலோமீட்டர் காற்றில்லாத ஊரின் கிலோமீட்டர் என்று கொள்க.

இரண்டாவது குறை எடை. இவ்வண்டிகள் சாதாரணச் சைக்கிளைவிடக் கனமானவை. வழியில் பேட்டரி தீர்ந்துவிட்டால், நோயுற்ற அதே கால்கள்தாம் அக்கனத்தையும் சேர்த்து மிதிக்க வேண்டும். மேலும், மலிவு வண்டிகள் பலவற்றில் பின்புறக் கேரியர் இராது, நடுக்கம்பியும் உயர்ந்திருக்கும். சேலை உடுத்துபவருக்கும் முழங்கால் மடங்காதவருக்கும் நடுக்கம்பி தாழ்ந்த வண்டியே ஏற்றது. ஓணத்துக்காகக் கேரளத்துக்குப் பூ செல்லும் நாட்களில் மூட்டை பெருகும். வண்டி தாங்கும் எடை எவ்வளவு என்பதைக் குறிப்பேட்டில் காண்க. ஓட்டுபவரின் எடையும் அதில் அடக்கம்.

மூன்றாவது, பழுது. பஞ்சர் ஒட்ட எந்தச் சைக்கிள் கடையும் போதும். மோட்டாரோ அதன் மின்கம்பிகளோ பழுதுபட்டால், அந்நிறுவனத்தின் பணிமனையையே நாட வேண்டிவரும். அது நாகர்கோவிலில் உண்டா, அல்லது தொலைவில் உள்ள நகருக்கு வண்டியை அனுப்ப வேண்டுமா என்பதை வாங்குமுன் கேட்டறிதல் அவசியம்.

நான்காவது, நெருப்பு. 2022-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வேலூரில், மின்னேற்றத்துக்காக இரவில் இணைக்கப்பட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றித் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். ஸ்கூட்டரின் பேட்டரி பெரிது, மிதிவண்டியின் பேட்டரி சிறிது. எனினும் இன்று விற்கப்படும் வண்டிகள் பெரும்பாலானவற்றில் அதே லித்தியம் வகையே உள்ளது. உறங்கும் அறையில் மின்னேற்றாதீர்கள். வாசற்படியை மறித்து வண்டியை நிறுத்தாதீர்கள். வண்டியோடு வந்த மின்னேற்றியைத் தவிர வேறொன்றைப் பயன்படுத்தாதீர்கள்.

பணக்கணக்கையும் பார்ப்போம். நாளொன்றுக்குப் போகவர 8 கிலோமீட்டர்; ஆண்டுக்கு 300 நாள்; மொத்தம் 2,400 கிலோமீட்டர். ஒருமுறை மின்னேற்றக் கால் யூனிட் மின்சாரம் செலவாகும். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தாலும் அது 2 ரூபாய்க்கு மேற்படாது. ஆண்டுக்கு நூறு முறை மின்னேற்றினால் 200 ரூபாய். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் மொபெட் இதே தொலைவுக்கு 48 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டாலே 4,800 ரூபாய். பார்க்கையில் பெருமிச்சம். ஆனால் பேட்டரி காலத்தால் தேய்வது. மூன்றாண்டில் அதை மாற்ற 10,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 3,300 ரூபாயை ஒதுக்கிவைக்க வேண்டும். ஆக, மொபெட்டைவிட உண்மையில் மிஞ்சுவது ஆண்டுக்கு 1,300 ரூபாயே. இப்போது ஓட்டும் சாதாரணச் சைக்கிளோடு ஒப்பிட்டாலோ, இது முற்றிலும் செலவே, இலாபம் ஏதுமில்லை.

எனவே பணத்தை மிச்சப்படுத்த இவ்வண்டியை வாங்குகிறேன் என்பவருக்கு நாம் வேண்டாம் என்றே சொல்வோம். நாள்தோறும் நெடுந்தொலைவு மூட்டை சுமப்பவருக்கும் இது உதவாது. கணவர் ஐயுற்றதிலும் நியாயம் இல்லாமலில்லை.

ஆனால் அவரது கணக்கில் ஓர் இனம் விடுபட்டிருக்கிறது. பெட்ரோலுக்கு விலை எழுதுகிறோம். தவணைக்கு வட்டி எழுதுகிறோம். இருபத்தைந்து ஆண்டுகளாக இருளில் எழுந்து குடும்பத்தை உருட்டிச் சென்ற இரண்டு முழங்கால்களின் தேய்மானத்தை எந்த நோட்டில் எழுதினோம்? வலி தாங்க முடியாமல் அத்தாய் சந்தைக்குப் போக இயலாத நாள் வருமானால், அன்று நிற்பது மிதிவண்டி மட்டுமன்று, அடுப்பும் நிற்கும். மகனுக்கு வாங்கும் மோட்டார் சைக்கிள் நாள்தோறும் விடியுமுன் தாயை ஏற்றிச் செல்லுமாயின் நன்று. அந்த உறுதியை மகன் தரவேண்டும், தந்தையும் கேட்கவேண்டும். தராத மகனின் வண்டி தாயின் காலுக்கு எவ்வாறு மாற்றாகும்?

திருக்குடும்பம் எகிப்துக்குச் சென்ற காட்சியை ஓவியர்கள் காலங்காலமாக வரைந்துவருகின்றனர். நற்செய்தியில் கழுதை எதுவும் குறிப்பிடப்படவில்லை. ஆயினும் அன்னை மரியாளைக் கழுதையின்மேல் அமர்த்தி, சூசையப்பரைக் கயிறு பிடித்து நடக்கவைத்தே அவர்கள் வரைந்தனர். நல்ல கணவர் அவ்வாறுதான் செய்திருப்பார் என்பதில் அவர்களில் ஒருவருக்கும் ஐயம் எழவில்லை போலும்.

அன்புச் சகோதரி, முதலில் முழங்காலை மருத்துவரிடம் காட்டுங்கள். மிதிப்பது தகுமா என்று கேளுங்கள். தகும் என்றால், தங்கள் கணவரையும் உடன் அழைத்துச்சென்று, பூமூட்டையோடு ஒருமுறை ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். மோட்டாரின் ஆற்றலுக்குரிய சான்றையும் பேட்டரிக்கான உத்தரவாதத்தையும் எழுத்தில் பெறுங்கள். சட்டம் கேட்காவிடினும், நெடுஞ்சாலையில் தலைக்கவசம் அணியுங்கள், பின்விளக்கு எரியட்டும். மாதந்தோறும் பேட்டரிக்கெனச் சிறுதொகை ஒதுக்குங்கள்.

தங்கள் வினாவுக்கு விடை இதுவே: சுயநலமன்று. தன்னை நேசிப்பதுபோல் பிறரை நேசி என்ற கட்டளையில், தன்னை நேசிப்பதையே ஆண்டவர் அளவுகோலாக வைத்தார். இத்தனை ஆண்டுகள் பிறருக்காக மிதித்த தாய்மார், அந்த அளவுகோலைத் தமக்கும் ஒருமுறை வைத்துப் பார்க்கட்டும். அவர்கள் கேட்கத் தயங்கும்போது, வீட்டார் தாமாகவே முன்வந்து கேட்கட்டும்.