துப்பாக்கி யார் கையில்? பயிற்சி எந்த அளவில்? பொலிஸ் திணைக்களம் கணக்குக் காட்ட வேண்டும்

2024 ஜனவரி 18 ஆம் திகதி நாரம்மலவில் லொறிச் சாரதி ஒருவர் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். நிறுத்துமாறு காட்டிய சைகையை மீறி லொறி சென்றதால், சிவில் உடையில் இருந்த பொலிஸார் பின்தொடர்ந்து சென்று அதனை மறித்திருந்தனர். அங்கு உப பொலிஸ் பரிசோதகரின் துப்பாக்கி தவறுதலாக இயங்கிவிட்டது என்பதே முதலில் வெளிவந்த விளக்கம். சம்பந்தப்பட்டவர் கைது செய்யப்பட்டார். ஊர் மக்கள் கொதித்தெழுந்தார்கள். சில நாட்களில் செய்தி அடங்கிப் போனது.

அந்த விளக்கத்தை நாம் அப்படியே ஏற்றுக்கொள்வோம் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றுக்கொண்டால்தான் கேள்வி இன்னும் கடுமையாகிறது. விசையில் விரல் வைக்காதே, சுடும் எண்ணமில்லாமல் ஆளை நோக்கித் துப்பாக்கியைத் திருப்பாதே என்பவை ஆயுதப் பயிற்சியின் முதல் நாள் பாடங்கள். அந்த உத்தியோகத்தர் கடைசியாக எப்போது சூட்டுப் பயிற்சிக்குச் சென்றார்? எத்தனை ரவைகள் சுட்டார்? அதில் சித்தியடைந்தாரா? அவரை விடுவோம். அவரைப் போல இடுப்பில் துப்பாக்கியுடன் வீதியில் நிற்கும் மற்றவர்களின் நிலை என்ன? இதை நீங்களோ நானோ எடுத்துப் பார்ப்பதற்கென்று ஒரு வருடாந்தக் கணக்கு இந்த நாட்டில் வெளிவருவதில்லை.

எமது கிழக்கு வாசகர்களுக்கு இன்னொரு சம்பவம் நன்றாக நினைவிருக்கும். 2021 டிசம்பர் 24 ஆம் திகதி இரவு திருக்கோவில் பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் ஒருவர் ரி-56 துப்பாக்கியால் சுட்டு, தன்னுடன் கடமையாற்றிய நான்கு பொலிஸாரைக் கொன்றார். லீவு மறுக்கப்பட்டதே காரணம் என்று கூறப்பட்டது. அதன் பின்னர் மொனராகலை மாவட்டத்திலுள்ள தனது ஊர்ப் பக்கம் சென்று சரணடைந்தார். அன்று இறந்தவர்கள் அனைவரும் பொலிஸார் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் துப்பாக்கிக் கணக்குக் கேட்பவர்களை பொலிஸாரின் எதிரிகளாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. யாருக்கு ஆயுதம் வழங்கலாம், மன அழுத்தத்தில் இருப்பவரிடமிருந்து அதை எப்போது திரும்பப் பெற வேண்டும் என்ற கேள்விக்கு ஒழுங்கான பதில் இருந்தால், முதலில் பயனடைவது பொலிஸ் குடும்பங்கள்தான்.

வெலிகம சம்பவமும் அதையே சொல்கிறது. 2023 டிசம்பர் 31 ஆம் திகதி கொழும்பு குற்றப்பிரிவின் குழுவொன்று வெலிகமவிலுள்ள ஹோட்டல் ஒன்றின் அருகே துப்பாக்கிச் சூடு நடத்தியது. வந்திருப்பவர்கள் பொலிஸார் என்பதை அறியாத வெலிகம பொலிஸார் அவர்கள் மீது பதிலுக்குச் சுட்டனர். கொழும்பிலிருந்து சென்ற சார்ஜன்ட் ஒருவர் பலியானார். பொலிஸ் பொலிஸைச் சுட்ட இந்தக் கதையின் முழு வடிவம் திணைக்களத்தின் அறிக்கை எதிலிருந்தும் எமக்குக் கிடைக்கவில்லை. மாத்தறை நீதவான் நீதிமன்றத்தின் விசாரணையிலிருந்துதான் கிடைத்தது. அது நாட்டின் பொலிஸ் மாஅதிபரைக் கைது செய்யும் உத்தரவில் சென்று நின்றது. 2025 ஆகஸ்ட் 5 ஆம் திகதி 177 வாக்குகளால் பாராளுமன்றம் அவரைப் பதவி நீக்கியது. எதிராக ஒரு வாக்கும் விழவில்லை.

முதல் அறிக்கை ஒன்றாகவும் பின்னர் வெளிவரும் உண்மை வேறொன்றாகவும் இருப்பது இது முதற்தடவையல்ல. 2016 ஒக்டோபர் 20 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் குளப்பிட்டியில் மோட்டார் சைக்கிளில் சென்ற இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் இறந்தபோது அது விபத்து என்றே முதலில் சொல்லப்பட்டது. பிரேத பரிசோதனையில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் தெரியவந்தது. ஐந்து பொலிஸார் கைதானார்கள். ஒரு துப்பாக்கியிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு ரவைக்கும் அன்றிரவே எழுத்தில் கணக்குக் கொடுக்க வேண்டும், அந்தக் கணக்கு வெளியார் ஒருவரின் கண்ணுக்குப் போகும் என்ற நிலை இருந்திருந்தால், அந்த முதல் அறிக்கையை எழுதத் துணிந்திருப்பார்களா?

இப்படிக் கணக்குக் கேட்பது ஏதோ புதுமையான கோரிக்கையல்ல. 1990 இல் ஹவானாவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஐக்கிய நாடுகளின் அடிப்படைக் கோட்பாடுகள், விசேட பயிற்சியை முடித்தவருக்கு மட்டுமே துப்பாக்கி ஏந்தும் அனுமதி வழங்க வேண்டும் என்கின்றன. ஆயுதங்களைச் சேமிப்பதற்கும் வழங்குவதற்கும் கட்டுப்பாடு, சூடு நடந்தால் கட்டாய அறிக்கை என்பனவும் அதில் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்துறை அமைச்சு வருடா வருடம் ஒரு புள்ளிவிபரத்தை வெளியிடுகிறது. ஆயுதம் ஏந்த அனுமதி பெற்ற பொலிஸார் எத்தனை பேர், எத்தனை ஆயுத நடவடிக்கைகள் நடந்தன, அவற்றில் எத்தனை தடவை வேண்டுமென்றே சுடப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். அங்கு அனுமதி பெற்றோர் ஏறத்தாழ ஆறாயிரம் பேர். மொத்தப் பொலிஸாரில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. வேண்டுமென்றே சுட்ட சம்பவங்கள் அண்மைய ஆண்டுகள் எதிலும் இருபதைத் தாண்டியதில்லை. நியூசிலாந்துப் பொலிஸ் இன்னும் ஒரு படி மேலே போய், சுடாமல் ஆளை நோக்கித் துப்பாக்கியை நீட்டினாலும் அதைக் கணக்கில் சேர்க்கிறது. பணக்கார நாடுகளின் பழக்கம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஒரு பதிவுப் புத்தகமும் அதைக் கூட்டிப் பார்க்க ஓர் உத்தியோகத்தரும் இருந்தால் போதும்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்பு ஒன்றுதான்: தேசிய பாதுகாப்பு. அதை நான் முற்றாக மறுக்கவில்லை. 2018 நவம்பரில் வவுணதீவுச் சோதனைச் சாவடியில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டு அவர்களின் ஆயுதங்களும் பறிக்கப்பட்டன. எந்த நிலையத்தில் எத்தனை துப்பாக்கிகள், ஆயுத அறையின் சாவி யாரிடம், இரவுக் காவலில் எத்தனை பேர் என்பதை வெளியிடும்படி எவரும் கேட்கக்கூடாது. ஆனால் நாடு முழுவதற்குமான மொத்தத் தொகையைச் சொல்வதால் எந்தச் சாவடிக்கு ஆபத்து? கடந்த வருடம் சூட்டுப் பயிற்சிக்குப் போகாமலே ஆயுதம் ஏந்தியவர்கள் இத்தனை பேர், தவறுதலாக இயங்கிய துப்பாக்கிகள் இத்தனை, காணாமல் போனவை இத்தனை, சூட்டில் இறந்தோரும் காயமடைந்தோரும் இத்தனை பேர் என்ற தகவல் எந்தப் பாதாள உலகக் குழுவுக்கு உதவும்? ஒரே இராணுவ முகாமிலிருந்து எழுபதுக்கும் மேற்பட்ட ரி-56 துப்பாக்கிகள் பாதாள உலகத்தின் கைக்குப் போனதாக 2025 இல் ஜனாதிபதியே பாராளுமன்றத்தில் சொன்னார். அவை இரகசியம் காக்கப்படாததால் வெளியே போனவையல்ல. எண்ணிப் பார்க்க வெளியிலிருந்து ஆளில்லாததால் போனவை.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டம் இந்தச் சமநிலையை ஏற்கனவே யோசித்திருக்கிறது. பாதுகாப்பைப் பாதிக்கும் தகவலை மறுக்கலாம் என்று ஐந்தாம் பிரிவு சொல்கிறது. பொதுமக்கள் நலன் அந்தப் பாதிப்பை விடப் பெரிதாக இருந்தால் மறுக்கக்கூடாது என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. முதற்பாதியை மட்டும் மனனம் செய்த அதிகாரிகள் இரண்டாம் பாதியையும் வாசிக்க வேண்டும்.

இதில் எமது சமூகத்துக்கு ஒரு தனியான அக்கறை உண்டு. 2014 ஜூனில் அளுத்கமவிலும் 2018 மார்ச்சில் திகனவிலும் ஊரடங்குச் சட்டம் இருக்கும்போதே கடைகளும் வீடுகளும் எரிந்தன. ஆயுதத்துடன் நின்ற பொலிஸார் கலகக்காரரைத் தடுக்கவில்லை என்பதே அன்று எமது முறைப்பாடு. 2022 ஏப்ரல் 19 இல் ரம்புக்கனையில் எரிபொருள் கேட்டுப் போராடியவர்கள் மீது பொலிஸார் சுட்டு ஒருவர் இறந்தபோது, ஏன் சுட்டார்கள் என்று முழு நாடும் கேட்டது. ஏன் தடுக்கவில்லை, ஏன் சுட்டார்கள் என்ற இரண்டு கேள்விகளும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றலாம். என் பார்வையில் இரண்டும் ஒரே கேள்விதான். எந்தக் கட்டத்தில் என்ன பலத்தைப் பிரயோகிக்க வேண்டும், யார் உத்தரவிட வேண்டும், முன்னெச்சரிக்கை எப்படிக் கொடுக்க வேண்டும் என்ற விதிகள் பகிரங்கமாக இருந்தால், செய்யாததையும் மிகையாகச் செய்ததையும் ஒரே கோலால் அளக்கலாம். விதி பூட்டிய அலுமாரியில் இருக்கும்வரை இரண்டு தரப்புக்கும் கிடைப்பது விசாரணை நடக்கிறது என்ற வாக்கியம் மட்டுமே. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின்னர் பல மாதங்கள் ஜும்ஆவுக்குப் போனபோது பள்ளிவாசல் வாயிலில் ஆயுதம் ஏந்திய காவலர்களைக் கடந்தே சென்றோம். எம்மைப் பாதுகாக்க நின்ற அந்த இளைஞர்களுக்குச் சனக்கூட்டத்துக்கு மத்தியில் எப்போது சுடக்கூடாது என்று யாராவது கற்பித்திருப்பார்களா என்ற யோசனை எனக்கு அடிக்கடி வந்ததுண்டு.

தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்குப் பொதுமக்களின் முறைப்பாடுகளை விசாரிக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பே வழங்கியிருக்கிறது. பொலிஸ் காவலில் நிகழும் மரணங்கள் பற்றி மனித உரிமைகள் ஆணைக்குழுவும் வழிகாட்டல்களை வெளியிட்டிருக்கிறது. ஆனால் இவை இரண்டுமே யாராவது இறந்த பின்னர், அல்லது ஒருவர் முறையிட்ட பின்னர் இயங்கும் வழிகள். வருடாந்தக் கணக்கு அதற்கு முன்னரே தேவைப்படுகிறது.

அடுத்த வரவு செலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதத்தில் பொலிஸ் திணைக்களத்துக்கான ஒதுக்கீடும் சபைக்கு வரும். வாகனத்துக்கும் சீருடைக்கும் எவ்வளவு என்று கேட்கும் எமது முஸ்லிம் பாராளுமன்ற உறுப்பினர்கள், சூட்டுப் பயிற்சிக்கு எவ்வளவு, அதில் எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள், பயிற்சி பெறாமல் எத்தனை பேர் வீதியில் நிற்கிறார்கள் என்றும் கேட்கட்டும். அவர்கள் கேட்கத் தவறினால், தகவலறியும் விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீட்டுக்கும் அதன் பின் ஆணைக்குழுவுக்கும் போகலாம். ஊரில் சட்டம் படித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகாத விண்ணப்பம்தான்.