வழிகாட்டியின் முதுகு

கோடை விடுமுறைக்குப் பாபநாசம் வருகிற சொந்தக்காரப் பிள்ளைகள், அகஸ்தியர் அருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போதே கேட்டுவிடுகிறார்கள்: "மாமா, இங்க ஏடிவி ரைடு எங்க இருக்கு?" தடித்த நாலு டயர், பைக் போலக் கைப்பிடி, முன்னால் போக ஒரு கைடு. மூணாறிலோ ஊட்டியிலோ பார்த்திருப்பார்கள். "அதெல்லாம் இங்க கிடையாதுல" என்றால் முகம் சுருங்கிப்போகும்.

கிடைக்கவும் செய்யாது. வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988இல் அறிவித்தது. சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கும் காரையாறுக்கும் போவதென்றால் போட்ட சாலையில் போகலாம். சாலையை விட்டு இறங்கக் கூடாது.

மூணாறு பக்கம் ஒரு தனியார் தோட்டத்தில் மருமகனோடு நானும் ஏடிவியில் ஏறியிருக்கிறேன். நன்றாகத்தான் இருந்தது. வலது கட்டைவிரலால் ஒரு நெம்புகோலை அழுத்தினால் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பும். கார் டயருக்கு 30 பவுண்டுக்கு மேல் காற்று அடிப்போம். இதற்கு 5 பவுண்டு வாக்கில் போதுமாம். டயர் அமுங்கிக் கல்லைக் கவ்விக்கொள்கிறது. பெரும்பாலான வண்டிகளில் பின் சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் ஒரே வேகத்தில் சுற்றுவதால், கைப்பிடியைத் திருப்பினால் மட்டும் வளையாது, நேராகவே போகப் பார்க்கும். வளைவின் உட்பக்கம் உடம்பைச் சாய்க்க வேண்டும். இந்தச் சாய்மானம் பிடிபட்டுவிட்டால் வயசு மறந்துவிடும். தலைக்கவசத்தில் இருந்த ஊரார் வியர்வை நாற்றம்தான் மறக்கவில்லை.

ஹோண்டா கம்பெனி 1970இல் இந்த வண்டியை மூன்று சக்கரத்தில் கொண்டுவந்தது. கவிழ்ந்து கவிழ்ந்து ஆட்கள் அடிபட்டதில், அமெரிக்காவில் 1988இல் மூன்று சக்கர வண்டி விற்பனையே நின்றது. நாலு சக்கரம் நிலைத்துவிட்டது. அதுவும் கவிழாத வண்டி இல்லை. அதனால்தான் முன்னால் கைடு.

எங்களுக்கு வந்த பையன் கெட்டிக்காரன். ஈரமண் எங்கே வழுக்கும், எந்த வேர் சக்கரத்தைத் தட்டிவிடும் என்று அவன் தரையைப் படித்துக்கொண்டே போனான். அவன் பார்த்தது மண்ணை. நாங்கள் பார்த்தது அவன் முதுகை. இறங்கிய பிறகு மருமகனிடம், "எதிர்ல இருந்த மலை எப்படில இருந்துச்சு?" என்றேன். "எந்த மலை மாமா?" என்றான். குற்றம் சொல்ல முடியாது. பத்தடி முன்னால் இருக்கிற பள்ளத்திலிருந்து கண்ணை எடுத்தால் ஆளே கீழே கிடப்பான். அந்த விளையாட்டுக்குப் பள்ளமும் மேடும் போதும், மலை எதற்கு?

எங்கள் பொதிகை மலைக்கோ இது சரிப்படவே படாது. நின்றுகொண்டிருக்கும்போது அந்த டயர் மண்ணை அதிகம் அழுத்துவதில்லை. ஏற்றத்தில் சுழன்று வழுக்கும்போதுதான் புல்லைப் பிடுங்கி மேல்மண்ணை உரித்துவிடும். அந்தத் தடத்தில் மழை இறங்கினால் தடம் ஓடையாகும், ஓடை மண்ணை அணைக்குக் கொண்டுபோகும். பாபநாசம் அணை 143 அடி. காலையில் பேப்பரை விரித்தால் முதலில் நீர்மட்டம் பார்க்கிற சனம் நாங்கள். கார், பிசானம் என்று இரண்டு போக நெல்லும், தூத்துக்குடி வரை குடிதண்ணீரும் அதை நம்பித்தான்.

உடம்பு குலுங்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களிடம் நான் சொல்லிவந்தது மாஞ்சோலை பஸ். சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 வருஷக் குத்தகைக்கு விட்ட காட்டில் எழுந்த தேயிலைத் தோட்டங்கள். 2024இல் தோட்ட வேலை நிற்கும்வரை, மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தொழிலாளர்களையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு அரசு பஸ் அந்தக் கல் ரோட்டில் ஊர்ந்து ஏறும். முதுகெலும்பு ஒவ்வொன்றாக எண்ணப்படும். குலுக்கல் நமக்கு, ஸ்டியரிங் கவலை டிரைவருக்கு. ஜன்னலோரம் கிடைத்தால் மணிமுத்தாறு அணை கீழே சிறுத்துக்கொண்டே போவதைப் பார்க்க முடிந்தது.

ஆனாலும் பிள்ளைகள் கேட்பது ஓட்டுகிற சுகத்தை. அதையும் மறுப்பானேன்? கல் எடுத்துத் தீர்ந்துபோன குவாரிகள் நம் மாவட்டத்தில் கிடக்கின்றன. கெடுக்க அங்கே மிச்சம் எதுவும் இல்லை. தண்ணீர் நிற்கிற குழிக்கு வேலி போட்டு, தரையைப் படிக்கத் தெரிந்த ஒரு பையனை முன்னால் விட்டு, யாராவது நாலு வண்டி வாங்கிப் போடட்டும். முதல் டிக்கெட் நான் எடுக்கிறேன். தலைக்கவசம் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவந்துவிடுவேன்.