கரவாகு வட்டையை மூடிவிட்டு மழையை ஏசாதீர்கள்



காலையில் பாடசாலை வாசலில் முழங்கால் தண்ணீர். தரம் 7 பிள்ளையொன்று சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து கேட்டது: "சேர், இந்தத் தண்ணி முந்தி எங்க போன?"

பதில் தெரியும். சொல்ல வெட்கமாக இருந்தது. எனது குடும்பத்திலும் அங்கே வளவு வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

முந்தி கரவாகு வட்டைக்குப் போனது. அங்கே தேங்கி, ஊறி, மிச்சம் தோணாவால் கடலுக்குப் போனது. இன்று வட்டையில் கிறவல் கொட்டி பேர்ச் கணக்கில் விற்கிறோம், தோணாவில் குப்பை கொட்டுகிறோம். மாரி வந்ததும் "முகத்துவாரம் வெட்ட பெக்கோ எங்கே?" என்று சபையை ஏசுகிறோம்.

சட்டம் இல்லாமலா? 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி நெற்காணியை நிரப்புவது குற்றம். டிப்பர் ஏன் இரவில் ஓடுகிறது என்று இப்போது விளங்குகிறதா?

"இடமில்லை, பிள்ளைகளுக்கு வீடு எங்கே கட்டுவது?" நியாயமான கேள்வி. சுனாமி நம்மைக் கடற்கரையிலிருந்து மேற்கே தள்ளியது. ஆனால் வீடில்லாதவனின் பெயரைச் சொல்லி கடைத்தொகுதிக்கும் மண்டபத்துக்கும் நிரப்புகிறார்களே, அவர்களுக்கும் இடமில்லையா?

இந்தோனேசியாவைப் பாருங்கள். மக்காத இலைதழை ஆயிரக்கணக்கான வருடம் சேர்ந்து உருவான கரிச்சேற்று நிலம் அங்கே ஏராளம். நம் நாட்டு முத்துராஜவெலவும் அந்த வகைதான். கால்வாய் வெட்டி நீரை வடித்து எண்ணெய்ப்பனை நட்டார்கள். காய்ந்த சேறு தீப்பிடித்தது. 2014இல் ஒரு சட்டம் போட்டார்கள்: சதுப்பைக் காணி காணியாகப் பார்க்காமல், இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட முழு நீர்ப்பரப்பாக நிர்வகிக்க வேண்டும் என்று. நல்ல சட்டம். காகிதத்தில் இருந்தது. மறுவருடமே, 2015இல், புகை சிங்கப்பூர், மலேசியா வரை மூடியது.

நமது வட்டை அப்படிக் கரிச்சேறு அல்ல, தீப்பிடிக்காது. நோய் மட்டும் ஒன்றுதான். மாநகர சபை, பிரதேச செயலகம், கமநல சேவை நிலையம், நீர்ப்பாசனத் திணைக்களம் என்று ஆளுக்கொரு துண்டு. முழுத் தண்ணீருக்கும் பொறுப்பாளி யார்?

2024 நவம்பர் 26 நினைவிருக்கிறதா? மாவடிப்பள்ளியில் வெள்ளம் மத்ரஸாப் பிள்ளைகளை உழவு இயந்திரத்தோடு இழுத்துக்கொண்டு போனது. நிரப்பிய காணிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. கத்ரை நானும் நம்புகிறவன். ஆனால் தண்ணீரின் வலுவைக் கண்ணால் கண்ட பிறகும் அடுத்த லோட் கிறவலுக்கு நாமே காசு கொடுத்தால், அதையும் கத்ர் என்பதா?

பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் விவசாய அமைப்புகளிடமும் ஒரு கோரிக்கை. வட்டையில் எது நிரப்பப்பட்டது, எதற்கு அனுமதி உண்டு என்று ஒரு வரைபடம் கேளுங்கள். கிடைத்தால் பள்ளி அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு தோணாக் கரையில் நடந்து பார்க்கப் போகிறேன். வருகிறவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். வளவு வாங்கிய என் மச்சானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.