மொய்ப்பணமும் முழங்கால் வலியும்



எங்கள் தெருவுக்கு இருபது வருடமாகக் கீரை கொண்டுவந்த அம்மா, முழங்கால் வலி தாங்காமல் கூடையை இறக்கி வைத்தார். சில மாதங்களில் ஆளே மாறிப்போனார். கோயிலுக்கு வருவதில்லை. விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும் போவதில்லை. தனியாக இருக்கும் அவரைப் போய்ப் பார்த்தேன். “மொய் எழுதக் கையில காசு இல்லாம, யார் வாசல்லம்மா போய் நிக்கிறது?” என்றார். தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை, நெஞ்சு கனக்கிறது என்றார். மனசு சரியில்லை என்று மட்டும் அவர் வாயில் வரவே இல்லை. அக்கம்பக்கத்தாரும் “வயசாயிடுச்சுல்ல” என்று விட்டுவிட்டார்கள்.

அந்தக் கூடைதான் அவருக்குச் சம்பாத்தியம். தினமும் நாலைந்து தெரு நடக்க வைத்ததும், வாசலுக்கு வாசல் நின்று பேச வைத்ததும் அதுவே. கூடை இறங்கியதும் காசு நின்றது. காசில்லாமல் வெளியே போகக் கூச்சம். நடக்காத கால் இன்னும் இறுகியது. கூடவே மனசும் படுத்துவிட்டது. அப்படிப் படுத்த மனசிடம் “தினமும் நடங்க” என்று சொன்னால், அவர் எதற்காக எழுந்திருப்பார்?

நடையின் பலனில் எனக்குச் சந்தேகமே இல்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 1999இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு நோய் இருந்த, 50 வயதைத் தொட்ட அல்லது தாண்டிய 156 பேர் பங்கேற்றார்கள். சிலருக்கு மாத்திரை, சிலருக்கு உடற்பயிற்சி, சிலருக்கு இரண்டும். 16 வாரம் கழித்து மூன்று பிரிவினருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு குணம். (மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.) பயிற்சி செய்தவர்கள் வாரம் மூன்று நாள் குழுவாகக் கூடிச் செய்தார்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

முதலில் அந்தக் காசுக் கூச்சம் தீர, கீரையம்மாவுக்குத் தமிழ்நாடு அரசின் முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுத்தோம். 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆன தொகை. சிறிய பணம்தான், ஆனால் அவர் பேரில் வருகிற பணம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து காலுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருந்தால் அவரோடு சேர்ந்து நடங்கள். மனநல உதவிக்கு 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இப்போது கீரையம்மா மாலையில் பக்கத்து வீட்டம்மாவோடு தெருமுனை வரை போய் வருகிறார். போன வாரம் ஒரு காதுகுத்துக்குப் போய் நூற்றியொரு ரூபாய் மொய் எழுதினாராம். நோட்டில் எழுதிய தன் பெயரை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் பந்தியில் உட்கார்ந்தாராம்.

அன்புடன்,
ஆசிரியர்