வினாத்தாளுக்கு வெளியே

தில்லியில் பயிலும் நாம், குளிர் தொடங்கியதும் மலிவான கம்பளிச்சட்டை தேடிச் சரோஜினி நகர்ச் சந்தைக்குச் செல்கிறோம். பேரம் பேசி வாங்கித் திரும்புகிறோம். கூட்டமில்லாத பிற்பகலில் கடையில் நிற்கும் இளைஞர் கைப்பேசியில் எதை, யாரோடு விளையாடுகிறார் என்று கேட்பதில்லை. விடுதிக்கு வந்ததும் ‘இணைய விளையாட்டு அடிமைத்தனம்’ என்று ஆய்வுத் தலைப்பு எழுதுகிறோம். வினாத்தாளைச் சக மாணவர்களிடமே சுற்றுக்கு விடுகிறோம்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற ஐசிடி-11 வகைப்பாட்டின்படி, விளையாட்டுக் கோளாறு என்று சொல்ல அன்றாட வாழ்வு கடுமையாகக் குலைந்திருக்க வேண்டும். அக்குலைவு பொதுவாக 12 மாதங்களேனும் நீடித்திருக்க வேண்டும். நமக்கோ மணிக்கணக்கே போதுமானதாகிவிடுகிறது. அன்றாடத்தை அறியாதவர் அதன் குலைவை எவ்வாறு அளப்பார்?

நம் அறியாமையின் சுமை பிறர் தலையில் விழுகிறது. 2019 மார்ச்சில் ராஜ்கோட்டில் பப்ஜி ஆடியதற்காகக் கல்லூரி மாணவர்கள் கைது செய்யப்பட்டனர். 2020 செப்டம்பர் 2 அன்று, பாதுகாப்புக் காரணம் காட்டித் தடைசெய்யப்பட்ட 118 செயலிகளில் அவ்விளையாட்டும் ஒன்று. பொதுமுடக்க மாதங்களில் அதனூடே நட்பைக் காத்துக்கொண்டவர்கள் எதை இழந்தனர்? அதற்கு நம்மிடம் என்ன பதிவு உண்டு?

தீங்கே இல்லை என்று நான் வாதிடவில்லை. பணம் வைத்தாடும் இணையச் சூதில் குடும்பங்கள் சிதைந்ததைத் தமிழகம் அறியும். சூது எது, விளையாட்டு எது என்று பிரித்துரைக்கவேனும் களத்துக்குச் செல்ல வேண்டும். அடுத்த முறை சட்டை வாங்கியபின் சற்று நில்லுங்கள். அவரிடம் ஆடக் கற்றுக்கொள்ளுங்கள். வினாத்தாளைப் பிறகு எழுதலாம்.